யன்னல் பாட்டு

நுணாவோடை மிஷன் கல்லூரி,
சாவகச்சேரி.
14 யூலை 1938

அன்புக்குரிய பேதுருவுக்கு,

செபநாயகம் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் றோஸும் பிள்ளைகள் இருவரும் நல்ல சுகம். ஈப்போவில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் உன் வாழ்த்து அட்டை தவறாமல் வந்து சேருகிறது. அதில் உன் கையெழுத்தைத் தவிர ஒரு வரியும் இருப்பதில்லை. ரெயில்வே கந்தோரில் மைக்கு அவ்வளவு தட்டுப்பாடோ என்று றோஸ் கேட்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கல்லூரிப் பாடகர் குழுவுக்கு வருகிற மார்கழியோடு இருபத்தைந்து வயது நிறைகிறது. திசம்பர் பத்தாம் திகதி மாலை வெள்ளிவிழாக் கச்சேரி. அதையொட்டி ஒரு மலரும் அச்சாகிறது. "குழுவின்ரை சரித்திரத்தை எழுத உம்மை விட்டால் ஆர் இருக்கினம்?" என்று அதிபர் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். அவர் சொன்னது சரிதான். மாணவனாக நாலு வருஷம், ஆசிரியனாக எட்டு வருஷம் இதற்குள்ளேயே கிடக்கிறேன். என்னைவிட நன்றாக எழுத ஒருவரும் இல்லை. தற்பெருமை என்று நீ சிரிப்பாய், சிரி.

முதல் பகுதி முடிந்துவிட்டது. பதினொரு மாணவர், ஒரு மிஷனரி அம்மா, காற்றுப் போகிற ஒரு ஹார்மோனியம். முதல் பன்னிரண்டு வருஷமும் இங்கிலிஷ் பாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. பனிக்காலத்தைக் கண்ணால் காணாத பெடியன்கள் வேர்த்து ஒழுக ஒழுகப் பனியைப் பற்றிப் பாடியிருக்கிறார்கள். பிறகு நம் ஆட்கள் வந்தோம். அளவெட்டி நமசிவாயம் முதல் ஒத்திகையிலேயே எழும்பி, "தமிழ்ப் பெடியள் ஒருக்கால் தமிழிலையும் பாடிப் பாப்பமே" என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும். தன் ஊர் நாதஸ்வரத்தை மனதில் வைத்துக்கொண்டு, நேரே நிற்க வேண்டிய சுரத்தையெல்லாம் ஆட்டி ஆட்டி நம் உயிரை வாங்கினவன் அவன்தான். அந்த வருஷமே நெல் அரிவி வெட்டுப் பாட்டு, நத்தார்க் கீர்த்தனை, வள்ளப் பாட்டு எல்லாம் நாலு குரலில் மேடையேறின. இப்போது எங்களிடம் நாற்பத்திரண்டு பாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இருபத்தாறு தமிழ்.

இன்னொரு புதினம். லண்டன் இன்டர் பரீட்சை வகுப்புக்குப் பெண்பிள்ளைகளையும் எடுக்கத் தொடங்கி மூன்று வருஷமாகிறது. முன்பு மேற்குரலுக்குக் கீழ் வகுப்புச் சின்னன்களை நம்பியிருந்தோம். சரியாக நத்தார் கிட்டும்போது அவர்களுக்குத் தொண்டை உடையும். இப்போது அந்தக் கவலை இல்லை. பத்மாசினி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். குரலும் எடுப்பு, வாயும் எடுப்பு.

உன்னிடம் இரண்டு உதவி கேட்கிறேன். 1929 கார்த்திகையில் வடமராட்சிப் பக்கம் போய்ப் பாடினோமே, அந்தப் பாட்டுகளின் ஒழுங்கை எழுதி அனுப்பு. என் கொப்பியைக் கறையான் தின்றுவிட்டது. உன் ஞாபகத்தைத் தின்ன எந்தக் கறையானாலும் முடியாது. அடுத்தது "கரைக்கு வாறம்" பாட்டைப் பற்றியது. மலருக்கு நான் எழுதியிருப்பது இது:

"நண்பர் பேதுரு கொண்டுவந்த மெட்டை நாலு குரலாக்கியவர் அப்போது மாணவத் தலைவராயிருந்த திரு. செபநாயகம். வள்ளத்தில் இருப்பவர்கள் மேடையில் பாட, கரையிலிருந்து கூப்பிடுகிறவனின் உயர்ந்த குரல் மண்டப யன்னலுக்கு வெளியேயிருந்து வரும்படி அவர் அமைத்த புதுமை 1929இல் முதன்முதல் அரங்கேறியது. இன்று இது நம் குழுவின் மகுடமாக விளங்குகிறது."

பிழை இருந்தால் திருத்து. மகுடம் என்றது மிகையல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கே போனாலும் "யன்னல் பாட்டைப் பாடுங்கோ" என்றுதான் கேட்கிறார்கள். யன்னலுக்கு வெளியே நிற்கும் இடத்துக்கு ஒவ்வொரு வருஷமும் போட்டி. வென்றவன் கல்லூரி மண்டபத்து யன்னல் கட்டையில் தன் பெயரைப் பேனாக்கத்தியால் வெட்டுவான். எட்டுப் பெயர் இருக்கிறது. இந்த வருஷம் அன்புராஜா என்ற பிள்ளை ஒன்பதாவது.

உன் அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தபடியே இருக்கிறேன். இரண்டு கட்டைத் தூரம்தான், ஆனாலும் நேரம் ஒழிவதில்லை. சுகமாக இருக்கிறா என்று கேள்விப்பட்டேன்.

கடவுள் உங்கள் எல்லோரையும் காப்பாராக. பதிலை உடனே போடு.

உன் பழைய கூட்டாளி,
செபநாயகம்


நுணாவோடை,
2 ஒக்டோபர் 1938

என் அன்பான பேதுருவுக்கு,

உன் கடிதம் ஓகஸ்ட் கடைசியில் கிடைத்தது. பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தேன். காரணத்தைச் சொல்கிறேன்.

1929ஆம் ஆண்டுப் பாட்டுகள் பதினான்கையும் ஒழுங்கு தவறாமல் எழுதியிருந்தாய். எந்தப் பாட்டில் நமசிவாயம் முந்தினான், எதில் நான் அடியை மறந்தேன் என்பது வரைக்கும் இருந்தது. வாசித்து வாசித்துச் சிரித்தேன். றோஸுக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசியில் "கரைக்கு வாறம்" என்று எழுதி, அதன் பக்கத்தில் ஒரே ஒரு வரி. "அன்றைக்கு மழை பெய்தது."

வேறொன்றும் இல்லை. என்னைத் திட்டவுமில்லை, நான் எழுதிய பந்தியைத் திருத்தவுமில்லை. மழை பெய்தால் என்ன என்று றோஸ் கேட்டாள். நான் கடிதத்தை மடித்து மேசைக்குள் வைத்தேன்.

பேதுரு, நான் மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். மறக்கவில்லை. வேறு விதமாகச் சொல்லிச் சொல்லி, அந்த விதத்திலேயே நானும் நம்பப் பழகிவிட்டேன். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ அறியாதது இதில் ஒன்றே ஒன்றுதான்.

அன்று வாசிகசாலை திறப்பு விழா. ஏற்பாட்டுக்காரர் ஆழ்வாப்பிள்ளை, கச்சேரிக்குக் கொஞ்ச நேரம் இருக்கையில் என்னைப் புறம்பாகக் கூப்பிட்டார். உன் சாதியைச் சொன்னார். "உந்தப் பெடியனை உள்ளை ஏத்தினால் சனம் எழும்பிப் போயிடும், தம்பி" என்றார். நான் தலைவன். எல்லோரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறியிருக்கலாம். என் வாயிலிருந்து "ஓம்" என்ற சம்மதம் வருவதற்கு அரை நிமிஷம்கூடச் செல்லவில்லை. அந்த அரை நிமிஷம்தான் நீ அறியாதது.

பிறகு உன்னிடம் வந்து என்ன சொன்னேன்? "மச்சான், கரையிலை நிண்டு கூப்பிடுற குரல் வெளியிலையிருந்து வந்தால் நல்ல எடுப்பாயிருக்கும்" என்றேன். அதைச் சொன்னபோது உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ போய் நின்றாய். அந்த ஒரு பாட்டுக்கு மட்டுமா? பதினான்கு பாட்டுக்கும் வெளியே நின்றாய். பதின்மூன்றில் யன்னலோடு ஒட்டி நின்று எங்களோடு சேர்ந்து பாடினாய். கடைசிப் பாட்டுக்கு மழை கொட்டியது. நீ நகரவில்லை. சபை கை தட்டியது. ஆழ்வாப்பிள்ளை எனக்கு மாலை போட்டார். நான் குனிந்து வாங்கினேன். நாங்கள் உள்ளே இருந்து சாப்பிட்டோம், நீ நனைந்த உடுப்போடு பஸ்ஸில் இருந்தாய்.

வெட்கமாக இருக்கிறது பேதுரு. ஒன்பது வருஷம் பிந்திய வெட்கம். என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன். மன்னிக்க முடியாது என்று நீ எழுதினாலும் அது நியாயம்தான்.

போன ஞாயிறு ஆராதனை முடிய உன் அம்மா வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். சின்னத்தங்கம் அம்மாவுக்கு முதலில் என்னை ஆரென்று தெரியவில்லை. தெரிந்ததும், "உள்ளை வாங்கோ தம்பி, வெயிலுக்கை நிக்காதேங்கோ" என்றா. உள்ளே போனேன். இருந்த ஒரே கதிரையைத் துடைத்துத் தந்தா. தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்தா. குடித்தேன். இரண்டு கட்டைத் தூரம் வர எனக்கு ஒன்பது வருஷம் எடுத்திருக்கிறது. நீ அன்றைக்கு நனைந்து வந்து இரண்டு கிழமை, பதினாலு நாளும் காய்ச்சலாய்க் கிடந்ததைச் சொன்னா. கல்லூரியில் அதை மலேரியா என்று எல்லோருக்கும் சொன்னவன் நான். அவவிடம் முழுவதையும் சொன்னேன். வெறுங் கோப்பையை எடுத்து வைத்தா. பிறகு, "அவன் ஒவ்வொரு காயிதத்திலையும் எங்கடை பெடியள் இன்னும் பாடுறாங்களோ எண்டுதான் கேட்டு எழுதுறவன்" என்றா. நீ எழுதும் "எங்கடை" என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு அங்கே இருக்க முடியவில்லை.

அம்மா சுகம். வலக்கண்ணில் பூ விழுகிறது போலத் தெரிகிறது. என் மைத்துனர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார். வருகிற புதன் கூட்டிப்போய்க் காட்ட ஒழுங்கு செய்திருக்கிறேன். நீ யோசிக்காதே.

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் பிள்ளைகளுக்கும் சொன்னேன். முப்பத்திரண்டு பேரும் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டார்கள். யன்னல் இடத்தை வென்ற அன்புராஜா எழும்பி, "சேர், அப்ப மழை பெய்யேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?" என்று கேட்டான். விளக்குக்குக் கீழே, நடுவில், என்றேன். "அப்ப நான் இந்த முறை வெளியிலை போகமாட்டன் சேர்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் இருந்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் வயதில் என்னிடம் இல்லாத ஒன்று அவனிடம் இருக்கிறது.

பாட்டையே விட்டுவிடுவோம் என்றார்கள் சிலர். பத்மாசினி மறித்தாள். "பாட்டு என்ன பிழை செய்தது? பேதுரு அண்ணையின்ரை மெட்டெல்லோ?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சேர், இந்த முறை எல்லாரும் உள்ளை நிண்டு பாடுறம். நீங்கள் வெளியிலை நில்லுங்கோ" என்றாள். நான் ஓம் என்றேன். இந்த ஓமுக்கும் அரை நிமிஷம் செல்லவில்லை. கச்சேரியன்று தாளம் காட்டப்போகிறவள் அவள்தான். என்னைவிடச் சுத்தமாகக் காட்டுகிறாள், ஒத்துக்கொள்கிறேன்.

பெடியன்கள் உன் பெயரை யன்னல் கட்டையில் முதலாவதாக வெட்டக் கேட்டார்கள். வேண்டாம் என்று மறித்துவிட்டேன். உன் பெயர் இருக்க வேண்டிய இடம் அதுவல்ல.

நடந்ததை மலருக்கு எழுதி அதிபரிடம் காட்டினேன், அவருக்குப் பயம். கொழும்பிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், ஆழ்வாப்பிள்ளையின் மகனும் வருவார், மலரில் இதெல்லாம் எதற்கு என்றார். இந்தப் பக்கம் இல்லாவிட்டால் என் சரித்திரமும் இல்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னேன். வேறு ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து, "சரி, நீர் எழுதினபடியே போகட்டும்" என்றார். ஆனால் உன் சம்மதம் இல்லாமல் அச்சுக்குக் கொடுக்கமாட்டேன். எழுதிய பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு விருப்பமில்லாத சொல்லை வெட்டு. முழுவதும் வேண்டாமென்றால் அப்படியே எழுது. உன் கதை, உன் தீர்ப்பு.

இனி நான் கேட்க வந்தது. உனக்கு ஆறு வருஷமாக நீண்ட லீவு எடுக்காமல் கிடக்கிறதாம், அம்மா சொன்னா. நவம்பர் நடுவில் பினாங்கில் கப்பல் ஏறினால் திசம்பர் முதற்கிழமை இங்கே வந்துவிடலாம். அன்புராஜா உன் பகுதியை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான். நீ வந்தால் உனக்கு வலப்பக்கத்தில் நின்று உன்னோடு சேர்ந்து பாடுவானாம். வராவிட்டாலும் முன் வரிசையில், விளக்குக்கு நேரே, ஓர் ஆள் நிற்கும் இடத்தை விட்டுத்தான் நிற்பார்களாம். அம்மாவுக்கு முதல் வரிசை வாங்கில் இடம் வைத்தாயிற்று. அவ வருவதாகச் சொல்லிவிட்டா.

திசம்பர் பத்தில் மழைக்காலம், உனக்குத் தெரியும். குடை எடுத்துத் தருவேன் என்கிறாள் றோஸ். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ உள்ளே நின்று பாடு, பேதுரு. நான் வெளியே நின்று கேட்கிறேன்.

கடல் உனக்கு அமைதியாக இருக்கும்படி ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிற,
செபநாயகம்