பூத் தொடுகிற வேலை

திண்டிவனம்
20.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம். கூட்டேரிப்பட்டு நிலத்தில் உன் பக்கம் தர்பூசணிப் பிஞ்சு நிற்கிறதாம். வரப்புக்கு இந்தப் பக்கம் என் கொடியில் பூவெல்லாம் உதிர்கிறது. தேனீயே இல்லை. அஸ்வினி ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுக் காய் பிடிக்க வைக்கிறாளாமே! தாய்மாமன் நிலத்துக்கும் பத்து நாள் அனுப்பு.

உன் தம்பி,
தாண்டவராயன்

கூட்டேரிப்பட்டு
27.1.2025

தம்பிக்கு,

தேனீ இல்லை என்று எனக்கே எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? வெயிலிலும் மருந்திலும் மற்ற கூடெல்லாம் போய், நம் புளியமரத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அஸ்வினியின் மஞ்சள் நீராட்டுக்குச் சீர் அந்த வழியாகத்தான் வரவேண்டும் என்று நின்றாய். “பந்தலத் தெற்கால போட்டுக்கலாம்டா” என்று கெஞ்சினேன். “சீரு எடுத்துக்கினு வர்றவங்களக் கொட்டினா யாருக்கு அசிங்கம்?” என்றாய். நான் அடுப்படியில் இருந்தபோது பந்தம் கட்டிக் கூட்டைக் கொளுத்திவிட்டாய். அன்று வந்தவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றேனே, அதுதான் இன்றும் ஆறவில்லை.

அவள் இப்போது பத்தாம் வகுப்பு. விடிந்ததும் விரிகிற பூ, இந்த வெயிலுக்கு எட்டரைக்கே சுருங்கிவிடுகிறது. தொட்டு முடிப்பதற்குள் பள்ளிக்கூட பஸ் போய்விடும். இந்த மாதம் பதினோரு நாள் போகவில்லை. இதில் உன் நிலம் வேறா?

தையல்நாயகி

திண்டிவனம்
2.2.2025

அக்கா,

ஒரு கூட்டைக் கொளுத்தியதாலா உலகத்தில் தேனீ இல்லாமல் போனது? பரீட்சையை அடுத்த வருடம்கூட எழுதலாம், பூ காத்திருக்காது. வியாழக்கிழமை வண்டி அனுப்புகிறேன்.

தாண்டவராயன்

கூட்டேரிப்பட்டு
9.2.2025

தாண்டவராயனுக்கு,

வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவள் படிப்பு கெட்டதற்கு நீ ஒருவன் மட்டும் காரணமில்லை, தெரியும். போன வாரம் நானே அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, “பூ சுருங்கிக்கினு இருக்குது, ஜல்தி வாடி” என்று கத்தினேன். எழுந்து வந்து ஆண் பூ பறிக்க ஆரம்பித்தாள். உன்னைத் திட்டிக்கொண்டே நீ சொன்னதைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

மீதிப் பூ உதிரட்டும். அடுத்த பட்டத்தில் கேப்பையும் மல்லாட்டையும் போடப்போகிறேன். கேழ்வரகுக்கும் வேர்க்கடலைக்கும் தேனீ வேண்டாம். பக்கத்து நிலத்துக் காந்திமதி வீட்டோடு சேர்த்து ஏழு வீடு அப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம். வருமானம் பாதிதான், என்ன செய்வது?

அஸ்வினியை விழுப்புரத்தில் அவள் பள்ளிக்குப் பக்கத்து விடுதியில் சேர்த்துவிட்டேன். விட்டுவிட்டு நான் கிளம்பும்போது, “இங்க காலைல யாரும் வேலைக்கு எழுப்ப மாட்டாங்களாம்மா?” என்று கேட்டாள். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது? அவள் புத்தகப் பையை விடுதித் திண்ணையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

இனி எனக்கு எழுதாதே.

தையல்நாயகி