ஒரு நூல்

என் அன்பு மச்சான் தேவாவுக்கு,

நீ கண் மூடி இரண்டு வருஷம் ஆகிறது. செங்கல்பட்டில் என் துப்பாக்கி ரிப்பேர் கடை இன்னும் இருக்கிறது. லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்கிறேன், அவ்வளவுதான். வேலை என்று யாரும் வருவதில்லை. பேச ஆளில்லாமல் ரேடியோவோடு சண்டை போடுகிறேன் என்றால் சிரிப்பாய். பக்கத்து எஸ்டிடி பூத்தும் போய்விட்டது, இப்போது செல்போன் கடை.

நமக்குள் ரத்த உறவு கிடையாது. உன் கம்பெனி பஸ் என் கடை வாசலில் நிற்கும், நீ இறங்கி வந்து உட்காருவாய், அப்படியே மச்சான் ஆகிவிட்டோம். மறைமலைநகரில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை, ஞாயிற்றுக்கிழமை ரைபிள் கிளப்பில் ரிவால்வர் போட்டி. கடப்பாக்கத்தில் உன் சொந்தக்காரர்களுக்கு நீ என்ன விளையாடுகிறாய் என்றே கடைசிவரை புரியவில்லை.

இரண்டு வருஷம் காத்திருந்து கிளப் மூலமாக உன் ரிவால்வருக்கு வெளிநாட்டுப் பேரல், போட்டிக்கான குழல் ஒன்றை வரவழைத்தாயே, தொண்ணூற்று ஏழில். அதைப் பொருத்துவது எனக்கு மூன்று நாள் மாலை வேலை. திருகிப் பார்ப்பேன், நுனியில் இலக்குப் பார்க்கும் குறிமுனை சாய்ந்து நிற்கும். கழற்றி, பேரல் ரிவால்வரில் முட்டும் விளிம்பை, அதன் தோள்பட்டையைத் துளி தேய்த்து மறுபடி திருகுவேன். மூன்றாம் நாள் குறி நட்டுக்குத்தலாக நின்றது. நீ என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாய், நாத்தம் பிடித்த எண்ணெய்க் கையை.

பிறகு கிளப்பில் அளந்து பார்த்திருக்கிறார்கள். விதிப்படி இருக்க வேண்டிய நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நீ வந்து சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது. “மச்சான், ஒரு நூல் ஜாஸ்தியா கீதாம். முன்னாடி பக்கம் எடுத்துடு.” சொல்லிவிட்டு ரிவால்வரை ஒப்படைத்துப் பஸ் ஏறிப் போய்விட்டாய்.

பட்டறையில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கொத்தனாரைக் கேள், தச்சரைக் கேள், அதையேதான் சொல்வார்கள். உனக்கு நூல் என்றால் சட்டையில் பிரிந்து தொங்குகிற நூல். நான் என் நூலை எடுத்தேன். குறி உட்காரும் பள்ளம், அந்தக் காடி, நுனியோடு பிளந்துகொண்டது. குறி நிற்க இடமில்லை. பேரல் பாழ்.

மாநிலப் போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது. பழைய பேரலையே மாட்டிக்கொடுத்தேன். கொஞ்சத்தில் அணியில் இடம் தவறியது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாய், அதற்குள் சர்க்கரை உன் கண்ணில் இறங்கிவிட்டது. உனக்கு வாய்த்தது அந்த ஒரு வருஷம்தான், இல்லையா?

வெட்டிய துண்டைப் பார்த்து நீ கத்தியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருக்கலாம். “நான்தான் தப்பா சொல்லிட்டேன், வுடு மச்சான்” என்றாய். “ஆமா, நீ நூல்னுதானே சொன்ன” என்றேன் நான். அதற்குப் பிறகு உன் பஸ் நிற்கும், நீ இறங்குவாய், தலையை ஆட்டிவிட்டு நேரே நடந்துவிடுவாய். போகட்டும், கோபம் ஆறினால் வருவான் என்று எத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பேரலில் கோடு கிழித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, கோடு காடி மேல் விழுகிறது என்று. உன் கம்பெனி நம்பர் சுவரில் எழுதியிருந்தது. பூத் பத்தடி தூரம். ஸ்டோர்ஸில் நட்டு போல்ட் எண்ணுகிறவனிடம் போய் நான் அளவு கேட்பதா என்று ஒரு திமிர். ரம்பத்தை எடுத்தேன்.

போன வாரம் உன் மகள் எஸ்தர் வந்தாள். மாமல்லபுரத்தில் ஓட்டல் வேலை, ஸ்கூட்டரில்தான் வந்தாள். உன் ரிவால்வரின் லைசென்ஸைத் தன் பேருக்கு வாங்கிவிட்டாளாம், உன் கிளப்பிலேயே சேர்ந்திருக்கிறாளாம். புதுப் பேரல் வரப்போகிறது, மாமாதான் போட்டுக் கொடுக்கணும் என்றாள். டீ வாங்கி வந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என் கடையில் ஒருவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்து எத்தனை நாளாகிறது தெரியுமா?

கிளம்பும்போது, “அப்பா கடைசி வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு மாமா. அளவு தப்பா சொன்னது நான்தான், சேகர் மேல ஒரு தப்பும் கெடையாதுன்னு. உங்க மூஞ்சில முழிக்க வெக்கமா கீதுன்னு அழுவாரு” என்றாள்.

வெட்கமா? உனக்கா? ஏழு வருஷம் நீ தலையை ஆட்டிவிட்டுப் போனது கோபம் இல்லையா, மச்சான்?

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இந்தப் பெண்ணும் வராமல் போய்விடுவாளே என்ற பயம். ஜாக்கிரதையாப் போம்மா என்று அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை பேரலோடு வருகிறாள். அதைக் கையில் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன், மச்சான். உங்கப்பா தப்பாகச் சொல்லவில்லை, கோடு எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகும் நான்தான் கேட்காமல் வெட்டினேன் என்று. அவள் பேரலை எடுத்துக்கொண்டு எழுந்து போனால் போகட்டும். இனி எவரிடமும் உன்மேல் பழி போட மாட்டேன்.

உன் வெட்கத்தில் ஒளிந்துகொண்டிருந்த உன் மச்சான்,
சேகர்