கஃப்லிங்க்ஸைக் கழற்றினேன், மாப்ள

மாப்ள,

இன்றைக்குப் பூண்டு ஒப்பந்தம் முடிந்தது. நாம் கேட்டபடியே முடிந்தது. கொடைக்கானல் ஓட்டலில் கையெழுத்துப் போட்டுவிட்டு நம் ஊர் வில்பட்டிக்கு வந்து உட்கார்ந்தால், சட்டைக் கையில் பச்சைப் பூண்டு வாடை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் இந்தச் சேதியை முதலில் உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

உன் கஃப்லிங்க்ஸைத்தான், சட்டைக் கைமடிப்பில் கோக்கிற அந்த ஜோடிப் பொத்தானைத்தான், போட்டுக்கொண்டு போனேன். தங்கச்சி எடுத்துக் கொடுத்தாள். "பேச்சுவார்த்தைக்கு இது இல்லாம அவுக போனதே இல்லண்ணே" என்றாள்.

உன் முதல் சட்டையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஏரிப் பக்கம் பழைய துணி விற்றவனிடம் வாங்கினாய். கை நீளமோ நீளம். துளைகள் இருந்தன, பட்டன் இல்லை. வத்தலக்குண்டு டெய்லரிடம் போய், "பட்டன எவனோ அத்துட்டான்ணே" என்று நின்றாய். "ஏலே, இது மடிச்சுப் போடுற கையிடா" என்றார் அவர். நீயும் மடித்தாய். சாதாரணச் சட்டை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து, சாக்கு தைக்கிற சணலால் முடிச்சும் போட்டாய்.

"மாப்ள, மணிக்கட்டுல மூட்டை தொங்குது" என்றேன்.

"சிரிடா. ஓட்டல்காரன் உன்னையப் பின்வாசல்ல நிக்க வைப்பான். என்னைய உக்காரச் சொல்வான்."

சொன்னான். உன் தயவில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

அப்புறம்தான் நிஜ கஃப்லிங்க்ஸ் வாங்கினாய். மடிப்பின் இரண்டு ஓரங்களையும் ஒட்டவைத்து, வெளிப்பக்கம் பார்க்கக் கோத்துக்கொள்வாய். "ஒண்ணுமேல ஒண்ணு போட்டா எதிராளி கண்ணுக்கு எங்க தெரியும்?" என்பாய். தெரிவது எதற்கு என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. பேரம் இழுத்தால் ஒரு கை லிங்க்ஸைக் கழற்றிப் பைக்குள் போடுவாய். மூட்டை தூக்கக் கிளம்புகிறவன் மாதிரி இருக்கும். எதிரே இருப்பவன் முகம் மாறிவிடும்.

இன்றைக்கும் அந்த நிலைமைதான். வாங்க வந்த கம்பெனிக்காரர்கள் பூண்டை அப்படியே ஏற்றிவிடச் சொன்னார்கள். கீழே அவர்கள் குடோனில் தரம் பிரிப்பார்களாம். கீழே போனபின் கழிவு என்று ஒதுக்கினால் யார் திருப்பி மலையேற்றுவது? சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். வில்பட்டி மொத்தமும் அவர்கள் கைக்குள் போயிருக்கும்.

இடது கை லிங்க்ஸைக் கழற்றினேன்.

"என்ன சார், கிளம்புறீங்களா?" என்றார் அவர்கள் மேனேஜர்.

"சோலி கெடக்குங்க. ஜீப்பு நிக்குது. பூண்டு கேட்டு மதுரை யாவாரிக வேற வெரசா வரச் சொல்லியிருக்காக."

"சரி, மேலேயே பிரிங்க. எங்க ஆள் ஒருத்தர் வந்து பார்ப்பார்."

அவர்கள் ஆள் வந்து ஒதுக்கினாலும் அதே கழிவுதானே என்று வலது கை லிங்க்ஸையும் கழற்றினேன். மடிப்பை முழங்கைவரை சுருட்டிவிட்டு, மேசையில் கிடந்த பூண்டை உடைத்து அவர் முன்னால் வைத்தேன். "பாத்துக்கங்க. இதுல எதைக் கழிவும்பீங்க?"

மோந்து பார்த்தார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "கழிவுப் பேச்சே வேண்டாம். முதல்ல அந்த லிங்க்ஸைப் போடுங்க சார்."

போட்டேன் மாப்ள, நிதானமாக. உன் சட்டை என் உடம்புக்குப் பத்தாது. அந்த அவசரப்படாத விரல்கள் மட்டும் எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

பேசி முடித்தது இதுதான்: தரம் பிரிப்பது வில்பட்டியில், நம் ஆட்கள் கையால். எடை நம் தராசில். ஜீப்பில் ஏறியபின் ஒரு பல் பூண்டுகூடத் திரும்பி வராது.