இந்த வருஷமும் கண்ணன்

அன்புள்ள அக்காவுக்கு,

மைதிலிக்கு ஜுரம், கொலுவுக்கு ஸ்ரீரங்கம் வரமாட்டாள் என்று ஃபோனில் சொன்னேன். ஜுரம் இல்லை. உள்ளதைச் சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

வருஷா வருஷம் உன் கொலுவில் குழந்தைகளுக்கு வேஷம் போடுகிறாய். உன் பெண் மகாலட்சுமி, என் பெண் கண்ணன். போன வாரம் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது, இந்தத் தடவை தனக்கு மகாலட்சுமி வேண்டும் என்று மைதிலி கேட்டாளாமே. "உனக்கெதுக்குடி அது? மேக்கப்பே வேண்டாம், அப்படியே பகவானோட வர்ணம்!" என்றாயாம். ஆசையாகத்தான் சொல்லியிருப்பாய். எல்லோரும் சிரித்தார்களாம்.

திரும்பி வரும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏதோ க்ரீம் வாங்கியிருக்கிறாள். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று, போடச் சொன்னதைவிட அதிகமாக அப்பிக்கொண்டிருக்கிறாள்.

கன்னம் இரண்டும் வெந்துபோய்க் கிடக்கின்றன. ஆறிவிடும் என்றார் டாக்டர். தழும்பைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதிமூன்று வயது, அக்கா. முகத்தில் ஈரத்துணியோடு படுத்துக்கொண்டு என்ன சொல்கிறாள் தெரியுமா?

"பெரியம்மாகிட்ட சொல்லிடாதேம்மா. அப்புறம் கண்ணன் வேஷம்கூட எனக்குக் கிடைக்காது."

உன் தங்கை