புதன்கிழமை வடக்கே எடுத்த ரிவர்ஸ்

திருமானூர்
20.12.85

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். இங்கே நான், உங்கப்பா, மாடு, டிராக்டர் எல்லாரும் நலம். பக்கத்து வீட்டு ரெங்கம்மாளின் கோழிகள் மட்டும் நலமில்லை, காரணம் உங்கப்பா.

நம்ம டிரைவர் அமாவாசை சுண்ணாம்புக்கல் லாரிக்குப் போய்விட்டான். வேறு ஆள் பார்ப்போம் என்றேன், உங்கப்பா கேட்கவில்லை. போன வருஷம் நீ கைக்குழந்தையும் டிரங்குப் பெட்டியுமாக அரியலூரில் இறங்கி, கண்டக்டர்கள் பெட்டியை ஏற்ற மாட்டோம் என்றதால் மூன்று பஸ்ஸை விட்டு வெயிலில் நின்றாயே, அது அவருக்கு ஆறவே இல்லை, எனக்கும்தான். இந்தப் பொங்கலுக்கு எம்பொண்ண நானே டிரெய்லர்ல கூட்டியாருவேன் என்று ஐம்பத்தாறு வயதில் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டார். முன்னால் ஓட்டுவது வந்துவிட்டது, ரிவர்ஸ்தான் வரவில்லை. டிரெய்லர் இடப்பக்கம் போக ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கணுமாம். நான் சொல்வதற்கெல்லாம் எதிராகச் செய்தே முப்பது வருஷம் பழகின மனுஷனுக்கு இது வர வேண்டாமா? கோழிக்கூண்டு மேலேயே ஏற்றிவிட்டார். கோழிகள் வெளியே மேய்ந்ததால் பிழைத்தன, ஆனால் அன்றிலிருந்து முட்டையிடவில்லை என்று ரெங்கம்மாள் தினம் வந்து சொல்லிவிட்டுப் போகிறாள்.

முந்தாநாள் புதன்கிழமை பெரம்பலூரில் டெஸ்ட். அமாவாசையே லீவு போட்டு எங்களை டிரெய்லரில் ஏற்றி ஓட்டிக்கொண்டு போனான். புதன்கிழமை வடக்கே சூலம், அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்று உங்கப்பா பரிகாரத்துக்குப் பால் குடித்துவிட்டுத்தான் ஏறினார். அங்கே பிரேக் இன்ஸ்பெக்டர், நட்டு வைத்த இரண்டு கழிக்கு நடுவில் டிரெய்லரை ரிவர்ஸில் விடச் சொன்னார். கழி இருந்தது வடக்கே. உங்கப்பா இறங்கி, இன்னிக்கு வடக்க சூலம் சார், வெள்ளிக்கிழமை எடுக்கறேங்க என்கிறார். காலையில் குடித்த பால் ஊர்ப் பயணத்தோடு சரியாம், இது புதுப் பயணமாம். டீக்கடைக்கு ஓடினேன், பால் தீர்ந்து கடுங்காப்பிதான் இருந்தது. திரும்பி வந்தால் இன்ஸ்பெக்டர் ஃபெயில் என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். எனக்கு நீ மறுபடி வெயிலில் நிற்கிற மாதிரியே இருந்தது. ஏங்க, ஒங்க மூஞ்சி தெக்கதானே பாக்குது, முதுகு போற தெசைக்கு ஏதுங்க சூலம் என்று கத்திவிட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். முகம் வடக்கே திரும்பக் கூடாதாம், கழுத்தை விறைத்துக்கொண்டு, எதிரே நின்ற என்னையே பார்த்தார். டிரெய்லர் போகவேண்டிய பக்கம் நான் கை காட்டினேன். அவர் வழக்கப்படி அதற்கு எதிர்ப்பக்கம் ஒடித்தார். டிரெய்லர் நான் காட்டின பக்கமே போய், கழி அசையாமல் நின்றது! இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டே பாஸ் போட்டார்.

இப்போது அதுவே வினையாகிவிட்டது. நீ வருகிற ஜனவரி எட்டாம் தேதியும் புதன்கிழமை, அரியலூர் நமக்கு வடக்கே. பால் குடித்துவிட்டு நேராக ஓட்டுங்க என்று கெஞ்சுகிறேன். சூலமே இல்லாத வழி இருக்கறப்ப பால் எதுக்கு, அரியலூர் வரைக்கும் ரிவர்ஸ்லயே போறேன் என்கிறார். சூலமெல்லாம் சாக்கு, அவர் ரிவர்ஸ் எடுப்பதை நீ பார்க்கணும், அவ்வளவுதான். நேற்றிலிருந்து தெருவில் ஒத்திகை நடக்கிறது. ரெங்கம்மாள் கோழிகளை உள்ளே கட்டிவிட்டாள்.

பயலுக்குக் குல்லா போட்டுத் தூக்கி வா, ரயிலில் ஜன்னலோரம் வைக்காதே. மூணு பேரும் நூறு வயசு நல்லா இருக்கணும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், ஸ்டேஷன் வாசலில் முதலில் டிரெய்லரின் முதுகுதான் வரும். பயப்படாதே, அதற்கு அந்தப்பக்கம் உங்கப்பா இருப்பார். அவருக்கு எதிரே, திருமானூரிலிருந்து கை காட்டிக்கொண்டே நடந்து வந்த நான் இருப்பேன்.

இப்படிக்கு,
இப்போதே கால் வலிக்கும் உன் அம்மா
உண்ணாமலை