நாற்பது பிள்ளைகள்

தலத்தெரு, காரைக்கால்
14.10.1984

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நான் சுகம். ஏனாமில் சாப்பாடு ஒரே காரம் என்று எழுதியிருந்தீர்கள். மோர் நிறையக் குடியுங்கள். இங்கே கொல்லைப்பக்கம் ஓடு விலகி ஒழுகுகிறது. ஆள் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஞாயிறும் குஞ்சம்மா மீன் கொண்டுவந்தாள். "அல்லி டீச்சர் வூட்டுக்கு" என்று தெருவே கேட்கச் சொல்லித்தான் வைத்துவிட்டுப் போகிறாள். நமக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். சமைப்பது நான், தின்பது நான். வீடு மட்டும் உங்களுக்கு முதலில் வாழ்க்கைப்பட்ட அல்லி அக்காவுடையது. அவர் மஞ்சள்காமாலையில் கண்மூடி ஐந்து வருடமாகியும் பால்காரர் என்னை அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர் என்கிறார்.

நான் சொல்ல வந்தது வேறு. நிஜமாக வாழ்ந்த ராஜாக்கள் எப்படிக் கதைகளில் மலையைத் தூக்குகிறவர்களாக மாறுகிறார்கள் என்று ஏழாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. நம் ஊரிலேயே ஒருவரை எடுத்துக்கொண்டு வீட்டில் கேட்டு எழுதிவாருங்கள், சொன்னவருக்கு யார் சொன்னார் என்பதையும் கேளுங்கள் என்றேன். முப்பது பேரும் ஒரே குரலில் அல்லி டீச்சர் என்றார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மறைக்காமல் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோஷமும் இருந்தது. எழுபத்தேழு புயலன்று அக்கா பள்ளிக்கூடத்தில் வைத்துக் காப்பாற்றிய பிள்ளைகள் நாற்பது, அறுபது, நூறு என்று எழுதி வந்தார்கள். அக்கா கையைக் காட்டியதும் கடல் திரும்பிப் போனதாம். காமாலை எல்லாம் பொய்யாம், கடல்தான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டதாம். நான் பள்ளிக்கூடத்து பீரோவிலிருந்து அந்த வருடத்து வருகைப் பதிவேட்டை எடுத்துப் போனேன். அன்று வந்தவர்கள் பதினொரு பேர். அக்கா கையெழுத்திலேயே இருக்கிறது. வேண்டுமென்றே உரக்கப் படித்தேன். ஏழாவது பெயர் வந்ததும் குஞ்சம்மா மகள் மலர்க்கொடி எழுந்து, "அது எங்க பெரியக்கா பேரு டீச்சர்" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். மீதி நாலு பெயரைப் படிக்காமலே பதிவேட்டை மூடினேன்.

பிறகு, நாற்பது எங்கிருந்து வந்தது என்று கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டே பின்னால் போனோம். மலர்க்கொடிக்குச் சொன்னது குஞ்சம்மா, குஞ்சம்மாவுக்குச் சொன்னது ஹெட்மாஸ்டர் என்று போய் எல்லாக் கோடுகளும் ஓரிடத்தில் நின்றன. அக்காவின் முதல் நினைவு நாளில் மைக்கைப் பிடித்து, "நாப்பது புள்ளைங்கள ஒத்தையா காப்பாத்துனா" என்றவர் நீங்கள். பிள்ளைகள் உங்கள் பெயரை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

பதினொன்று என்று உங்களுக்குத் தெரியாதா? அன்று அந்தப் பிள்ளைகளை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததே நீங்கள்தானே. தெரிந்துதான் கூட்டியிருக்கிறீர்கள். பாடம் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது, அதனால்தான் வயிறு எரிகிறது. அக்காமேல் இல்லை. பதினொரு பேரைக் காப்பாற்றினாலும் பெரிய மனுஷிதான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். ஏனாம் ஆபீசில் யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். என்னிடம் இல்லாத ஒன்றை, சின்னதாகவாவது, கூட்டிச் சொன்னீர்களா? இல்லையென்றால் இனிமேலாவது, கனகம் வைக்கும் மீன்குழம்பு தெருக்கோடி வரை மணக்கும் என்று யாரிடமாவது சொல்லுங்கள். பொய் என்று நம் இருவருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
கனகாம்பாள்