மூன்றாம் தெருவின் மனு

பிப்ரவரி 4, செவ்வாய்
எங்கள் தெருவுக்கும் சங்கம் வந்துவிட்டது. தலைவர் கலியமூர்த்தி, ஓய்வுபெற்ற கண்டக்டர். சாக்கடை அடைத்துக் கிடக்கிறது. முதல் தீர்மானம் அதைப் பற்றி இல்லை. பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரிசாக் குடும்பத்தைக் காலி செய்ய வைக்க வேண்டுமாம். "கடுகெண்ண நாத்தம் தாங்கலைங்க" என்றார். இவர் வீட்டுக் கருவாட்டுக்கு மட்டும் மல்லிகை வாசனை!

பிப்ரவரி 6
கலியமூர்த்தியின் மகன் துபாயில் ஒரே ரூமில் எட்டுப் பேரோடு இருக்கிறான். அங்கே என்ன மணக்கிறதோ.

பிப்ரவரி 9, ஞாயிறு
தலைவர் மனுவோடு வந்தார். எதிர்வீட்டு அமலராணி அப்போதுதான் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்திருந்தாள். "அந்தப் பொண்ணு சுபத்ரா ஒங்கள என்னாங்க பண்ணுச்சு? நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று கதவைச் சாத்தினாள்.
அடுத்தது என் வாசல். இந்தத் தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துத்தான் சாப்பிடுகிறேன். போட்டேன். 'பூங்கோதை' என்று, அழகாக வேறு. தூ.

பிப்ரவரி 20
வீட்டு ஓனர் பயந்து காலி செய்யச் சொல்லிவிட்டார். சாமானை டாட்டா ஏஸில் ஏற்றினார்கள். சுபத்ரா என்னிடம் வந்து, "போயிட்டு வரேன்க்கா" என்றாள். அந்த 'அக்கா'வையும் அந்தத் தமிழையும் என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றாள். நான் ஊசியில் நூல் கோப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.
சாயங்காலம் தலைவர் லட்டு கொடுத்தார். தின்னியாடி பூங்கோதை? தின்னேன்.

மார்ச் 2
சாக்கடை அப்படியேதான். அமலராணி என்னைப் பார்த்து எப்போதும்போலச் சிரிக்கிறாள் — அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 8
ஷிப்டு விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் போய் நின்றேன். நாலு குடும்பம் ஒரே ஷெட்டில் இருக்கிறார்களாம். "என் மாடி ரூம் காலியாத்தான் இருக்குது, வந்துடு" என்றேன்.
சுபத்ரா கையில் ஒட்டியிருந்த பீங்கான் மண்ணைத் தட்டிவிட்டாள். "அந்த மனுப் பேப்பர்ல ஒங்க பேரும் இருந்துச்சு. ஓனர் காட்டினாரு."
அப்படியானால் — அன்றைக்குச் சொல்லிக்கொள்ள வந்தபோதே அவளுக்குத் தெரியும்!
"வூட்டுக்காரர கேட்டு சொல்றேன்" என்றாள்.

மார்ச் 16
சுபத்ரா குடும்பம் என் மாடிக்கு வருகிறது என்று தெரிந்ததும் தலைவர் வாசலில் நின்று கத்தினார். "தெருவுக்கே துரோகம் பண்றியாம்மா?"
"தெருவுக்கு எதாவது பண்ணணும்னா சாக்கடைய அள்ளுங்க" என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 30
வந்துவிட்டார்கள். இரண்டு வாரமாக ஒரு ஜாக்கெட் துணிகூட வரவில்லை. தலைவரின் மனைவி பஸ் ஏறிப் பெண்ணாடம் போய்த் தைக்கக் கொடுக்கிறாராம். போகட்டும், அந்தப் பருத்த கைக்கு எந்த ஊரிலும் அளவு சரியாக வராது.
மாடிப்படியில் சுபத்ராவும் அமலராணியும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சுபத்ரா எழுந்து வழிவிட்டாள்.
"தண்ணி வருதுங்க, மேடம்."
குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.